விடுமுறை யாருக்கு?

குழந்தைகளை அழைத்துக்கொண்டு கேளிக்கைப் பூங்காவுக்குப் போவதைப் பற்றியெல்லாம் ஒரு பத்திரிகையில் எழுத வேண்டுமா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அவசியம் எழுத வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். ஒரு குடும்பத்தில் யாருக்கு என்ன மதிப்பு என்பது மேடைப் பேச்சில் தெரியாது. கலியாணப் பந்தலிலும் தெரியாது. எல்லோரும் சந்தோஷமாயிருப்பதற்கென்றே ஒதுக்கிய நான்கு நாளில், யார் ராட்டினம் ஏறினார்கள், யார் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றார்கள் என்று பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்தில் ஆர்லாண்டோ நகரத்தை ஒட்டி வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்பதாக ஒரு பெரிய ஸ்தலம் இருக்கிறது. 1971ஆம் வருஷம் அக்டோபர் 1ந் தேதி திறக்கப்பட்டது. இன்று அதற்குள் நான்கு பூங்காக்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் தமிழர்களும், அவர்களைப் பார்க்க ஊரிலிருந்து போகிறவர்களும் இங்கே போய் வருவது இப்போது சகஜமாகிவிட்டது. போவதைப் பற்றி நமக்கு ஆட்சேபணையில்லை. போகிற விதத்தைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

இந்த மாதிரி ஸ்தலம் எதற்காக ஏற்பட்டது? வால்ட் டிஸ்னி தமது இரண்டு பெண் குழந்தைகளை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து கிரிபித் பூங்காவுக்கு அழைத்துப்போய், அவர்கள் குதிரை ராட்டினத்தில் சுற்றும்போது தாம் மட்டும் பெஞ்சியில் சும்மா உட்கார்ந்திருந்தாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே விளையாடுகிற இடம் ஒன்று ஏன் இருக்கக்கூடாது என்ற யோசனை அங்கே பிறந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த யோசனையின் பலனாகவே 1955ஆம் வருஷம் ஜூலை 17ந் தேதி கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. ஆக, யாரும் பெஞ்சியில் உட்கார வேண்டாம் என்பதுதான் இதன் ஆதி நோக்கம். ஆனால் நம்மவர்கள் செய்வதென்ன? அப்பாவும் பையனும் ஏறுகிறார்கள்; அம்மாவும் மூத்த பெண்ணும் பெஞ்சியில் உட்காருகிறார்கள்!

ஒரு வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, ஆறு வயதுப் பையன் ஒருவன், பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இம்மூவருக்கும் ஒரே திட்டம் போடுவது மூவருக்கும் ஒரே அளவுச் சட்டை தைப்பதற்குச் சமானமாகும். சட்டைக்காவது தையற்காரர் அளவெடுக்கிறார். விடுமுறைக்கு யார் அளவெடுக்கிறார்கள்?

பூங்காக்காரர்கள் எடுக்கிறார்கள். எல்லோரும் ஏறக்கூடிய படகுச் சவாரிகளும் பொம்மைச் சவாரிகளும் அங்கே ஏராளமாய் இருந்தாலும், வேகமாய் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் குறைந்தபட்ச உயரம் ஒன்று குறித்திருக்கிறார்கள். அங்குள்ள ஸ்பேஸ் மவுண்டன் என்ற வண்டிக்கு 44 அங்குலம், அதாவது 112 சென்டிமீட்டர். டிரான் என்பதற்கு 48 அங்குலம். சிறு பிள்ளைகளுக்கென்றே உள்ள பார்ன்ஸ்டார்மர் என்பதற்கும் 35 அங்குலம் வேண்டும். ஆகையால் புறப்படுவதற்கு முன்பே குழந்தைகளைச் சுவரோரம் நிறுத்தி அளந்து, யார் எதில் ஏறலாம் என்பதை அவர்களுக்கே சொல்லிவிடுவது அறிவுள்ள காரியம். அதைச் செய்யாமல் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்கவைத்துவிட்டு, வாசலில் அளவுகோல் தடுத்ததும், அழுகிற பையனையே அதட்டுவது என்ன நியாயம்? அதைவிட மோசம், செருப்புக்குள் காகிதத்தை மடித்து வைத்து உயரத்தைக் கூட்டிவிடும் சாமர்த்தியம். உடம்பைப் பிடித்திருக்கும் அந்தக் கம்பி இன்ன அளவுள்ள உடம்புக்கென்று செய்யப்பட்டது. காகிதத்தை வைத்து ஏமாற்றினால் ஏமாறுவது காவற்காரர் அல்ல; குழந்தையின் உயிர்தான் பந்தயம்.

சரி, சின்னது ஏற முடியாதென்றால் யாராவது கூட நிற்கத்தானே வேண்டும் என்பார்கள். நிற்க வேண்டியதுதான். ஆனால் மாறி மாறி நிற்கலாமல்லவா? இதற்கு அந்தப் பூங்காவிலேயே ஒரு ஏற்பாடு இருக்கிறது. வாசலில் உள்ள ஊழியரிடம் சொன்னால், ஒரு பெரியவர் குழந்தையுடன் நிற்க, மற்றவர் ஏறிவிட்டு வரலாம். பிறகு நின்றவர் மறுபடி முழு வரிசையிலும் காத்திராமல் போய் ஏறலாம். இதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. இவ்வளவு சௌகரியமிருந்தும் அம்மாள் ஏறுவதில்லை என்றால், அது பூங்காவின் குற்றமா, நம் வீட்டு வழக்கத்தின் குற்றமா? "அவளுக்கு இதிலெல்லாம் இஷ்டமில்லை" என்று அய்யா சொல்லுவார். அம்மாளை ஒரு தடவையாவது கேட்டாரா?

மூத்த பெண்ணின் கதை இதைவிடப் பரிதாபமானது. பதின்மூன்று வயதில் அவள் எல்லா வண்டியிலும் ஏறத் தகுந்தவள். பத்து வயதானாலே அங்கே பெரியவர் டிக்கட்டுதான். ஆகவே அவளுக்கு முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. ஆனால் அங்கே போனதும் அவள் கையில் தள்ளுவண்டியைக் கொடுத்து, "நீ பெரியவள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்" என்கிறார்கள். பணம் கட்டுவதற்கும் பெரியவள், வேலை செய்வதற்கும் பெரியவள், சந்தோஷத்துக்கு மட்டும் பெரியவள் அல்ல! அந்த இடத்தில் பதின்மூன்று வயதுப் பையன் இருந்தால் அவன் கையில் தள்ளுவண்டியைக் கொடுத்திருப்பார்களா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

பையன் பாடும் சுகமில்லை. இருட்டில் ஓடும் வண்டியைக் கண்டு ஆறு வயதுப் பிள்ளை பயந்தால், "ஆண்பிள்ளை பயப்படலாமா?" என்று பிடித்து ஏற்றுகிறார்கள். பயம் ஒரு குற்றமா? ஒரு வருஷம் பொறுத்தால் தானாகவே ஏறுவான். பலவந்தமாய் ஏற்றினால் அவன் கற்றுக்கொள்வது தைரியமல்ல. தன் பேச்சுக்கு வீட்டில் மதிப்பில்லை என்பதைத்தான்.

இனிப் பணத்தின் விஷயம். "இவ்வளவு டாலர் கொட்டியிருக்கிறோம், ராத்திரி வாணவேடிக்கைவரை இருந்தே தீர வேண்டும்" என்பது பலருடைய வாதம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அங்கே டிக்கட்டே இல்லை; இருந்தும் டிக்கட்டுக்கான தண்டனை முழுவதும் அந்தக் குழந்தையின் தூக்கத்துக்குத்தான் கிடைக்கிறது! கொடுத்த பணம் கொடுத்ததுதான். அதைத் திருப்பிச் சம்பாதிக்கக் குழந்தை என்ன கூலியாளா? கோடையில் புளோரிடாவில் உச்சிவெயில் கடுமை. பிற்பகலில் இடியும் மழையும் அடிக்கடி வரும். காலையில் வாசல் திறக்கும்போதே போய், மத்தியானம் அறைக்குத் திரும்பித் தூங்கி, சாயங்காலம் மறுபடி போவதே குழந்தைகளுள்ளவர்களுக்கு உகந்தது. நான்கு நாள் போனால் ஒரு நாளைச் சும்மா விடுவதும் வீணல்ல.

தேதி குறிப்பதிலும் நம்மவர்கள் புத்தி விசித்திரமானது. ராகுகாலம் கழித்து வீட்டைவிட்டுப் புறப்படத் தெரிகிறது. ஆனால் கிறிஸ்துமஸ் முதல் புதுவருஷம்வரை அங்கே தாங்க முடியாத கூட்டமென்பதும், தேதிக்குத் தேதி டிக்கட்டு விலை மாறுமென்பதும் தெரிவதில்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டும் நேரத்தில் பள்ளிக்கூட விடுமுறைப் பட்டியலைப் புரட்டினால் பணமும் மிஞ்சும், காலும் பிழைக்கும்.

"குழந்தைகளைக் கேட்டா குடும்பம் நடத்துவது?" என்று சிலர் கோபிக்கலாம். குடும்பம் முழுவதையும் கேட்டு நடத்தச் சொல்லவில்லை. அவர்களுக்கென்று போகிற விடுமுறையையாவது அவர்களைக் கேட்டுச் செய்யுங்கள் என்கிறோம்.

இது அற்ப விஷயமல்ல என்பதற்கு அமெரிக்கச் சரித்திரமே சாட்சி. அந்நாட்டில் பல கேளிக்கைப் பூங்காக்கள் வெகுகாலம் கறுப்பர்களை உள்ளே விடவில்லை. மார்ட்டின் லூதர் கிங் 1963இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், டெலிவிஷனில் விளம்பரம் பார்த்த தமது ஆறு வயது மகளிடம், அந்தப் பூங்காவுக்கு நீ போக முடியாதென்று விளக்க நேர்ந்த துயரத்தை எழுதியிருக்கிறார். பால்டிமோர் பக்கத்திலிருந்த கின் ஓக் பூங்காவில் அதே வருஷம் ஜூலையில் நூற்றுக்கணக்கானவர்கள் மறியல் செய்து கைதானார்கள். ஆகஸ்ட் 28ந் தேதி தடை நீங்கி, ஒரு வயதுகூட நிரம்பாத ஒரு கறுப்புப் பெண் குழந்தை அங்குள்ள குதிரை ராட்டினத்தில் ஏறிற்று. அந்த ராட்டினம் 1981இல் வாஷிங்டன் நகரத்தின் நடுத் திடலில் கொண்டுபோய் வைக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியதென்ன? அளவுகோல் இரண்டு விதம். உயரத்தை அளக்கும் கோல் காரணம் சொல்லுகிறது. இன்றைக்கு எட்டாதவன் அடுத்த வருஷம் எட்டுவான். பிறப்பை அளக்கும் கோல் காரணம் சொல்வதில்லை. அதற்கு எட்டாதவன் என்றைக்கும் எட்ட முடியாது. கறுப்பென்பதற்காக வாசலில் நிறுத்தியதும், பெண்ணென்பதற்காகத் தள்ளுவண்டியோடு நிறுத்துவதும் கொடுமையின் அளவில் ஒன்றல்லதான். ஆனால் கோல் ஒன்றே. வாசலில் ஒழிந்த கோலை நாம் நமது பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போகலாமா?

ஆகவே பெற்றோர்களுக்கு நாம் சொல்வது இதுதான். சமத்துவம் என்றால் எல்லோரையும் ஒரே ராட்டினத்தில் ஏற்றுவதல்ல. எல்லோருடைய இஷ்டத்துக்கும் ஒரே மதிப்பைக் கொடுப்பது. புறப்படுமுன் ஆளுக்கொரு காகிதம் கொடுத்து, ஒவ்வொருவரும் விட்டுவிட முடியாத இரண்டை எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாத குழந்தைக்காக அதன் தூக்கத்தையும் சாப்பாட்டு வேளையையும் எழுதுங்கள். அம்மாளுக்கும் ஒரு காகிதம் கொடுங்கள். எல்லாக் காகிதமும் நிறைவேறிய பிறகு நேரமிருந்தால் அய்யாவின் இஷ்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம்!