ஆவியானது நீர், ஊற்றுவது என்ன?

கோபாலபுரத்துத் தெருக்களில், கூடத்து மூலையில் கடல்மீன் தொட்டி வைத்துப் பேணுகிற குடும்பங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன. கொளத்தூர்க் கடைகளுக்கு நடையாய் நடந்து, செம்மஞ்சள் உடம்பில் வெண்பட்டை தரித்த கோமாளி மீனையும், அது குடியிருக்கக் கடற்சாமந்தியையும், பாறையையும் பவளத்தையும் தேடி வாங்கி, விளக்குக்கும் அழுக்கை நீக்கும் ஸ்கிம்மருக்கும் தாராளமாகச் செலவழித்து, உப்பின் அடர்த்தியை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வரையில் வைத்திருக்கிற இவர்கள், தொட்டியில் அன்றாடம் குறைகிற நீருக்கு ஈடுசெய்யும் தருணத்தில் மாத்திரம் தங்கள் சிரத்தை முழுவதையும் கைவிட்டு, சமையலறைக் கேனிலிருந்து இரண்டு சொம்பு எடுத்து ஊற்றிவிட்டுத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். ஏன் என்று வினவினால், “நாமே குடிக்கிற தண்ணீர் சார், மீனுக்கு ஆகாதா?” என்று கேள்வியையே பதிலாகத் தருகிறார்கள். கேட்ட மாத்திரத்தில் நியாயமாகத் தோன்றுகிற இந்த அபிப்பிராயம் அடியோடு பிழையானது என்பதே என் கட்சி.

தொட்டியை விட்டுப் போவது எது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வெப்பமும் காற்றும் நீரை ஆவியாக்குகின்றன. அந்த ஆவியில் உப்பு ஏறுவதில்லை. மரக்காணத்திலும் வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்பளங்கள் பிழைப்பது இந்த ஒரு நியதியினால்தான். 1930-ஆம் ஆண்டில் ராஜாஜி தம் தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து சென்றதும், சூரியன் நீரைக் கொண்டுபோகும்போது கொண்டுபோகாமல் விட்டுச் செல்கிற அந்தப் பொருளை அள்ளுவதற்காகத்தான். இதைச் சிறு வயதிலேயே பாடமாகப் படித்த நம்மவர்களில் சிலர், கடல்மீனுக்குக் கடல்நீர்தானே உரியது என்று எண்ணி, பெசன்ட் நகர்க் கரையிலிருந்து குடத்தில் கொண்டுவந்த நீரையோ வீட்டில் உப்புக் கரைத்து வைத்த நீரையோ கொண்டு குறைவை நிரப்புகிறார்கள். 200 லிட்டர் கொள்ளும் தொட்டியொன்றில், நீர் சூடேறாமலிருக்க மேலே சிறு விசிறி சுழலுகிற சித்திரை மாதத்தில், நாளொன்றுக்கு 3 லிட்டர் ஆவியாவது சகஜம். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நீரால் அதை நிரப்பினால், நாளுக்கு 105 கிராம் உப்புத் தொட்டியில் புதிதாகச் சேரும். பத்தே நாளில் 35 கிராமாக இருந்த அடர்த்தி 40-ஐத் தாண்டிவிடும். ஆயினும் இந்தப் பிழையைக் குறித்து நான் அதிகம் கவலைப்படவில்லை. ரிஃப்ராக்டோமீட்டர் அதைச் சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும். கேன் தண்ணீரின் பிழை அப்படி அகப்படுவதில்லை. அது மாதக்கணக்கில், சமயத்தில் ஆண்டுக்கணக்கில், கௌரவமாகவே நடமாடுகிறது.

குடிநீருக்கு விதிக்கப்பட்ட வரம்புகளெல்லாம் மனித தேகத்தை உத்தேசித்து வகுக்கப்பட்டவை. மனிதன் பருகிய நீரோடு வந்த வேண்டாத உப்புகளைச் சிறுநீரகம் பிரித்து அன்றாடம் வெளியே தள்ளுகிறது. கண்ணாடித் தொட்டிக்கு அப்படி ஓர் உறுப்பு கிடையாது. அதனுள் நீரோடு நுழைந்த எந்தப் பொருளும், எவரேனும் நீரை மாற்றினாலன்றி அல்லது ஏதேனும் ஓர் உயிர் அதை உண்டாலன்றி, அங்கேயே தங்கி, நாளைக்கு ஊற்றப்படும் நீரில் வருகிற தன் இனத்தோடு சேர்ந்துகொண்டு, நாளுக்கு நாள் வளர்கிறது. ஆகையால், ஒரு குவளையில் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி இங்கே போதாது. முந்நூறு குவளைகளுக்குப் பிறகு எவ்வளவு சேர்ந்திருக்கும் என்றே கேட்க வேண்டும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 என்ற விதித்தொகுப்பு, குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரையில் நைட்ரேட் இருக்கலாம் என்கிறது. நாம் எடுத்துக்கொண்ட தொட்டியில் இந்த வரம்புக்கு உட்பட்ட நீரையே நாளுக்கு 3 லிட்டர் வீதம் ஊற்றி வந்தால், ஒரு மாதத்தில் தொட்டி முழுவதிலும் லிட்டருக்கு 20 மில்லிகிராம் நைட்ரேட் ஏறிவிடும். பவளம் வளர்ப்பவர்கள் அதை ஐந்துக்கும் பத்துக்கும் உள்ளே நிறுத்துவதற்குப் படுகிற பாடு அவர்களுக்குத்தான் தெரியும். தாமிரத்தின் கதை இதைக் காட்டிலும் விபரீதமானது. அதே தொகுப்பு தாமிரத்துக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகச் சொல்லி, வேறு நீர் கிடைக்காதபோது 1.5 வரையிலும் அனுமதிக்கிறது. கடல்மீன்களின் மேல் வெண்புள்ளி நோய் கண்டால் மருந்தாகக் கொடுக்கும் தாமிரத்தின் அளவே 0.15 முதல் 0.2 மில்லிகிராம்தான், அதையும் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றிய பிறகே கொடுப்பார்கள், ஏனெனில் அந்த அளவுக்கு இறாலும் நத்தையும் பவளமும் பிழைப்பதில்லை. மீனுக்கு மருந்தாகவும் இறாலுக்கு யமனாகவும் அமைகிற அளவைப்போல் ஏழெட்டு மடங்கு நமக்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. செப்புக் குடத்தில் இரவெல்லாம் வைத்த நீர் உடம்புக்கு நல்லது என்கிற நம்பிக்கை நம் வீடுகளில் இருக்கிறது. நம் உடம்புக்கு எப்படியோ, தொட்டிக்கு அதில் ஒரு துளியும் ஆகாது. இனி, பாஸ்பேட்டும் சிலிக்காவும் மனிதனை வருத்துவதில்லையாதலால் அவற்றுக்கு அந்தத் தொகுப்பில் வரம்பே விதிக்கப்படவில்லை. கண்ணாடியிலும் மணலிலும் படர்கிற பழுப்புப் படலத்துக்குச் சிலிக்காவும், பாறையைப் போர்த்துகிற பச்சைப் பாசிக்குப் பாஸ்பேட்டும் ஆகாரம். பாசியைக் கண்டு பதறிக் கடைக்கு ஓடுகிறவருக்குப் பாசி மருந்து ஒரு புட்டி விற்கப்படும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்கும் கடைக்காரரைக் காண்பது அரிது.

கேனை நம்புகிறவர் இந்த இடத்தில் தம் சட்டைப் பையிலிருந்து, நீரில் கரைந்தவற்றின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். கருவியை எடுப்பார். ஐம்பதுதான் காட்டுகிறது, பாருங்கள் என்பார். அந்தக் கருவி நீரின் மின்கடத்தும் தன்மையை அளந்து அதை ஓர் எண்ணாக மாற்றித் தருகிறதே தவிர, கரைந்திருப்பது இன்னதென்று சொல்லும் சக்தி அதற்கு இல்லை. சிலிக்கா பெரும்பாலும் மின்னேற்றமின்றிக் கரைந்திருப்பதால் அதன் கண்ணில் படுவதில்லை. இறாலைக் கொல்லப் போதுமான தாமிரமோ அந்த எண்ணை அசைக்கக்கூட மாட்டாது. போதாக்குறைக்கு, புட்டியிலும் கேனிலும் அடைத்து விற்கும் நீரில் கால்சியமும் மக்னீசியமும் குறிப்பிட்ட அளவுக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்று அரசாங்கமே விதி செய்திருக்கிறது. குடிக்கிறவருடைய நன்மைக்காகச் செய்த விதி அது; அதில் குற்றம் காண எனக்கு ஒன்றுமில்லை. வீட்டுச் சுவரில் தொங்குகிற ஆர்.ஓ. இயந்திரத்தின் நிலைமையும் இதுவே. மெல்லிய சவ்வின் வழியே பிரிந்து வந்த நல்ல நீரில், சுவைக்காகப் பழைய நீரையே சிறிது திறந்துவிட்டுக் கலப்பதற்கு அதில் ஒரு திருகு இருக்கிறது. டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று அதற்குப் பெயர். காசு கொடுத்துப் பிரித்ததை மறுபடி கலந்து, கலந்ததைத் தொட்டியில் ஊற்றுகிறோம்.

குழாய் நீரைக் குறித்து விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. மெட்ரோ தண்ணீரும், போர் தண்ணீரும், பற்றாக்குறை நாட்களில் லாரித் தண்ணீரும் ஒரே சம்ப்பில் விழுந்து கலக்கிற வீடுகளில், திங்கட்கிழமை வந்த நீருக்கும் வியாழக்கிழமை வருகிற நீருக்கும் உறவே இருப்பதில்லை. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைச் சுத்திகரித்து நகரத்துக்கு அனுப்புகிறார்களே என்றால், அந்த நீரிலும் குடிப்பதற்காக உப்பும் குளோரினும் சேர்த்துத்தான் குழாயில் விடுகிறார்கள். வாளியில் ஓர் இரவு திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். மற்றவை அனைத்தும் மறுநாள் காலையிலும் அங்கேயே இருக்கும். கொதிக்கவைத்தாலோ, நீர் குறைந்து அவை இன்னும் அடர்த்தியாகும்.

ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற நீரை இயற்கை தந்த வாலை நீர் என்று கொண்டாடுகிறவர்களும் உண்டு. பிறப்பில் அது சுத்தமானதுதான். ஆனால் அது உருவாவதே செப்புக் குழாயின் மேலும் அலுமினியத் தகட்டின் மேலும், அங்கே படிந்த தூசியின் மேலும் பூஞ்சையின் மேலும். மழை நீரைப் பற்றி எனக்கு இதைவிட நல்ல அபிப்பிராயம் உண்டு. 2003-ஆம் ஆண்டிலிருந்து வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலத்தில், ஐப்பசி அடைமழையில், முதல் மழைகளை விட்டுவிட்டு, கூரையைத் தொடாமல் திறந்த வெளியில் நேரே பாத்திரத்தில் பிடித்த நீர் ஓரளவு பயன்படும். ஆனால் ஆவியாவது அதிகமாக இருக்கும் கோடையில் அது கிடைப்பதில்லை.

எதிர்க்கட்சியின் பலமான ஆட்சேபணை ஒன்று பாக்கி. சத்தே இல்லாத நீர் செத்த நீர், அதில் உயிர் எப்படித் தரிக்கும் என்பார்கள். வெறும் நீரில் கடல்மீனை விட்டால் அது சாகும் என்பது மெய். இங்கே மீனை அதில் விடவில்லை. இருநூறு லிட்டர் கடல்நீரிலிருந்து மூன்று லிட்டர் வெறும் நீர் பிரிந்து போயிற்று, அந்த மூன்று லிட்டரை அதன் இடத்தில் வைக்கிறோம், அவ்வளவே. பவளம் தன் கூட்டைக் கட்ட எடுத்துக்கொள்கிற கால்சியத்தை, உப்புக் கரைத்த புது நீரை மாற்றும்போது கொடுக்கலாம். அல்லது ஜெர்மானியர்கள் பிரபலப்படுத்திய முறையில், சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீரையே சொட்டுச் சொட்டாக ஈடுநீராக விடலாம். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிப் பழகிய நாட்டுக்கு இது அந்நியமான யோசனையன்று, என்றாலும் வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு இதற்கு உதவாது. அந்தத் தெளிவை இறக்குவதற்கும் முதலில் வேண்டியது வெறும் நீர்தான்.

அந்த நீரைப் பெறுவது கடினமான காரியமல்ல. வீட்டு ஆர்.ஓ.வில் சவ்வைத் தாண்டியவுடன், திருகுக்கும் மினரல் குடுவைக்கும் முன்பாக, ஒரு கிளைக் குழாய் பிரித்து, அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பிசின் அடைத்த குப்பியின் வழியாக நீரை விட்டு, உணவுக்கு உகந்த பிளாஸ்டிக் கலத்தில் பிடிக்க வேண்டும். வழியில் எங்கும் பித்தளைக் குழாய் கூடாது. டி.டி.எஸ். கருவிக்கு இந்த இடத்தில்தான் யோக்கியமான வேலை உண்டு: அது பூஜ்யம் காட்ட வேண்டும். ஒன்றோ இரண்டோ காட்டத் தொடங்கிய அன்றே பிசினை மாற்றிவிடுவது நல்லது, ஏனெனில் பிசின் களைத்துப்போகும்போது பிடிநழுவி முதலில் வெளியேறுவது அந்தச் சிலிக்காவேயாகும். செலவைச் சொல்லித் தயங்குகிறவர், விளக்குக்குக் கொடுத்த பணத்தை ஒரு தரம் நினைத்துப் பார்க்கட்டும். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் லாரிக்குக் குடத்தோடு நின்ற ஊரில், மூன்று லிட்டர் நல்ல நீருக்காக அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீரைச் சவ்வு ஒதுக்கித் தள்ளுகிறதே என்று தயங்குகிறவருடைய தயக்கம் மதிக்கத்தக்கது. அந்த நீரைச் சாக்கடையில் விடாமல் ஒரு வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளலாம்; போர் தண்ணீர் உப்புக் கரிக்கிற வீடாக இருந்தால் செடிகளுக்கு மட்டும் ஊற்ற வேண்டாம்.