தவளைத் தோலில் கிடைத்த கேடயம்: மருந்துக் கடைக்கு ஏன் இன்னும் வரல?

1980-களில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை பார்த்த மைக்கேல் ஜாஸ்லாஃபுக்கு ஒரு சந்தேகம். ஆப்பிரிக்கத் தவளைகளின் வயிற்றைக் கீறி முட்டையை எடுக்கிறோம், தையல் போட்டு மறுபடியும் தொட்டித் தண்ணீரில் விடுகிறோம். தண்ணீர் முழுக்கக் கிருமி. ஆனாலும் புண் சீழ் பிடிக்காமல் ஆறுதே, எப்படி?

விடை தவளையின் தோலில் இருந்தது. அதிலிருந்து பிரித்தெடுத்த சிறு புரதத் துண்டுகளுக்கு 1987-ல் ‘மகைனின்’ என்று பெயர் வைத்தார். ஹீப்ரு மொழியில் ‘மகேன்’ என்றால் கேடயம். கிருமியைக் கொல்லும் இத்தகைய பெப்டைடுகள் நம் உடம்பிலும் உண்டு.

எப்படி வேலை செய்யுது?

வழக்கமான ஆன்டிபயாடிக் பலவும் பாக்டீரியாவுக்குள் ஏதோ ஒரு பாகத்தைக் குறிவைக்கும். அந்தப் பாகம் கொஞ்சம் மாறினாலே மருந்து தோற்றுவிடும். பெப்டைடு பெரும்பாலும் மேல்சவ்வையே தாக்குகிறது. பாக்டீரியா சவ்வின் வெளிப்புறம் எதிர்மின்னூட்டம் கொண்டது; பெப்டைடு நேர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒட்டிக்கொள்ள, சவ்வில் ஓட்டை விழுகிறது. மொத்தச் சவ்வையும் மாற்றிக்கொள்வது கிருமிக்கு லேசான காரியமில்லை. செப்சிஸைத் தூண்டும் பாக்டீரியா நச்சைப் பிடித்து அடக்கும் திறனும் சில பெப்டைடுகளுக்கு ஆய்வகத்தில் தெரிகிறது.

அப்புறம் என்ன சிக்கல்?

உடம்பில் உள்ள நொதிகள் இவற்றைச் சீக்கிரமே சிதைத்துவிடும். அளவு கூடினால் நம் செல்களுக்கும் ஆபத்து. தயாரிப்புச் செலவும் அதிகம். மகைனினை வைத்து உருவாக்கிய பெக்சிகனான், சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கான மருந்து. அதற்கு 1999-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி மறுத்தது.

கோலிஸ்டின் தரும் பாடம்

‘எதிர்ப்பே வராத மருந்து’ என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. ஐசியூவில் கடைசி ஆயுதமான கோலிஸ்டினும் பெப்டைடு வகைதான். அதைக் கோழி, பன்றிப் பண்ணைகளில் தீவனத்தோடு கலந்து கொடுத்தோம். அதை முறியடிக்கும் மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது 2015-ல் சீனாவில் தெரியவந்தது. கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் கொடுக்க இந்தியா 2019-ல்தான் தடை போட்டது. மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவால் அதே ஆண்டில் உலகில் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்பது ‘லான்செட்’ ஆய்வின் மதிப்பீடு.

யார் பணம் போடுவது?

புது ஆன்டிபயாடிக்கைப் பூட்டி வைத்து, அவசரத்துக்கு மட்டும் எடுக்க வேண்டும். ஆனால், விற்காத மருந்தை எந்த கம்பெனி தயாரிக்கும்? 2018-ல் புது மருந்துக்கு அனுமதி வாங்கிய அக்காவோஜென் நிறுவனம், மறு ஆண்டே திவாலானது. பிரிட்டன் 2022-ல் வேறு வழியைத் தொடங்கியது: எத்தனை டோஸ் விற்றாலும், ஆண்டுக்கு இவ்வளவு என்று சந்தா மாதிரி அரசே பணம் கட்டுகிறது. இந்தியாவும் இதை யோசிக்க வேண்டிய நேரம் இது.

நம் பங்கும் இருக்கு. சளிக்கு எல்லாம் மெடிக்கலில் நாமே கேட்டு ஆன்டிபயாடிக் வாங்குவதை நிறுத்தணும். இல்லையென்றால் தவளை தந்த கேடயத்தையும் நாமே ஓட்டையாக்கிவிடுவோம்.