ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய்: தூத்துக்குடி - கொழும்பு கணக்கு கலைந்தது எப்படி?

'இன்னிக்கு ரேட்டு என்ன?' தூத்துக்குடியில் கடல் கடந்து சரக்கு அனுப்பும் சிறு வியாபாரிகளுக்குத் தவிர்க்க முடியாத கேள்வி இது. ஆனால், இந்தக் கேள்விக்கே வேலையில்லாத ஒரு காலமும் இருந்தது. இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் அன்று சமம். இங்கே ஒரு ரூபாய் என்றால் கொழும்பிலும் ஒரு ரூபாய்தான்.

சராப்புகளின் காலம்

முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு நாணயக் குழப்பம் புதிதல்ல. சலாபம் நடக்கும் பருவத்தில் பல ஊர் வணிகர்கள் வருவார்கள். ஆளுக்கொரு காசு கொண்டு வருவார்கள். வராகன், பணம், காசு என்று புழங்கியவற்றை எடை பார்த்து, மாற்று உரைத்து விலை சொன்னவர்கள் சராப்புகள். 1818-ல் சென்னை மாகாணத்தில் ரூபாய் அடிப்படை நாணயமானது. அப்போது ஒரு நட்சத்திர வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்கு வைத்தார்கள்.

இலங்கையும் ரூபாய்க்கு மாறியது. 1872 முதல் அங்கே ஒரு ரூபாய்க்கு 100 சதம். இந்தியாவில் 1957 வரை 16 அணா. சில்லறைதான் வேறு, ரூபாயின் மதிப்பு ஒன்றே. 1914 வரை ரயிலில் தூத்துக்குடி வந்து, கப்பலேறி கொழும்பு போனவர்களுக்கும், தோட்டத்தில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பியவர்களுக்கும் இது பெரிய நிம்மதி.

1966-ல் என்ன நடந்தது?

1949-ல் பிரிட்டனின் பவுண்டு மதிப்புக் குறைக்கப்பட்டபோது இரண்டு ரூபாயும் கூடவே இறங்கின. ஒரு டாலருக்கு 4.76 என்ற அளவில் இரண்டும் நின்றன. 1966 ஜூன் 6-ல் இந்தியா மட்டும் தன் ரூபாயை டாலருக்கு 7.50 என்று குறைத்தது. ஒரே நாளில் 100 இலங்கை ரூபாயின் மதிப்பு, கணக்குப்படி சுமார் 157 இந்திய ரூபாய் ஆனது. 1967 நவம்பரில் இலங்கை 5.95-க்கு இறங்கியது, 157 என்பது 126 ஆனது. 1977-ல் இலங்கை தன் நாணயத்தைச் சந்தையின் போக்குக்கு விட்டபோது டாலருக்கு 16 ரூபாயானது. தராசு மறுபக்கம் சாய்ந்தது. ஓர் இந்திய ரூபாய், இரண்டு இலங்கை ரூபாயை நெருங்கியது.

யென்னும் லிராவும் சொல்லும் பாடம்

இந்த இரண்டு ரூபாய்க்கும் இடையிலான விலை பெரும்பாலும் டாலர் வழியாகவே வருகிறது. ஜப்பானின் யென்னுக்கும் துருக்கியின் லிராவுக்கும் அப்படித்தான். இரண்டையும் தனித்தனியே டாலரில் பார்த்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் குறுக்கு விகிதம் கிடைக்கும்.

2008 தொடக்கத்தில் ஒரு லிராவுக்குச் சுமார் 90 யென். 2024 முடிவில் சுமார் நாலரை யென். அப்படியானால் யென் வலுவாக இருந்ததா? இல்லை. 2011-ல் டாலருக்கு 75 யென் வரை உயர்ந்திருந்த யென், 2024 ஜூலையில் 160-ஐத் தாண்டிச் சரிந்தது. லிரா அதைவிட வேகமாகச் சரிந்தது, அவ்வளவுதான். 2022-ல் துருக்கியின் பணவீக்கம் 80 சதவீதத்தைத் தாண்டியது. லிராவில் வட்டி அதிகம் என்று நம்பிப் பணம் போட்ட ஜப்பானியக் குடும்பங்கள் பல, வட்டியில் வந்ததை முதலில் விட்டன.

பழைய பட்டியல்களைப் பார்ப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2005 ஜனவரி 1-ல் துருக்கி தன் நாணயத்தில் ஆறு பூஜ்யங்களை நீக்கியது. அதற்கு முந்தைய எண்ணை அப்படியே ஒப்பிட்டால் கணக்கு பத்து லட்சம் மடங்கு தப்பும்.

2022: அடி யாருக்கு?

2022 மார்ச் தொடக்கத்தில் டாலருக்குச் சுமார் 200 இலங்கை ரூபாய். மே மாதத்தில் சுமார் 360. பத்தாயிரம் டாலர் பில்லுக்குக் கொழும்பு வியாபாரி கட்ட வேண்டிய தொகை 20 லட்சத்திலிருந்து 36 லட்சமானது. 'பில்லு டாலர்லதானே இருக்கு, நமக்கென்ன?' என்று இக்கரையில் இருக்க முடியாது. வாங்கியவரால் கட்ட முடியாவிட்டால், விற்றவருக்கும் பணம் வராது. இலங்கை ரூபாயில் பேசியிருந்தாலோ நிலைமை இன்னும் மோசம். பத்து லட்சம் இலங்கை ரூபாய், சுமார் 3.7 லட்சம் இந்திய ரூபாயிலிருந்து 2.15 லட்சமாகச் சுருங்கியிருக்கும். அந்த ஜூனில் தூத்துக்குடியிலிருந்து தமிழக அரசின் நிவாரணக் கப்பல் புறப்பட்டதை ஊரே பார்த்தது. வராத பாக்கிகளை யாரும் பார்க்கவில்லை.

செய்ய வேண்டியது என்ன?

பெரிய ஏற்றுமதி நிறுவனம், மூன்று மாதம் கழித்து வரும் டாலருக்கு இன்றே வங்கியுடன் விலை பேசி வைத்துக்கொள்கிறது. சிறு வியாபாரிக்கு அந்த ஏற்பாடு எட்டாத தூரத்தில் இருக்கிறது. வெளிநாட்டு வணிகத்தை இந்திய ரூபாயிலேயே முடித்துக்கொள்ள 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி வழி திறந்தது. அந்த வழி தூத்துக்குடியின் சிறு சரக்குக்கும் பயன்பட வேண்டும். முன்கூட்டியே விலை பேசும் ஒப்பந்தத்தைச் சிறு தொகைக்கும், தமிழில் புரியும் படிவத்தோடும் துறைமுக ஊரின் வங்கிக் கிளைகள் கொடுக்க வேண்டும்.

ஒன்றுக்கு ஒன்று என்ற காலம் திரும்பாது. ரேட்டு ஏறும், இறங்கும். அதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால், அது இறங்கும்போதெல்லாம் நட்டம் சின்ன வியாபாரி தலையிலேயே விழ வேண்டும் என்பது விதி அல்ல. அதை மாற்றலாம், மாற்ற வேண்டும்.