சுவருக்கு இரண்டு பக்கமும்



ஒரு டிவி தொடரின் கடைசி எபிசோடைப் பார்த்துவிட்டு அழுததுண்டா? வெளியே சொல்ல வேண்டாம். மனசுக்குள் பதில் சொன்னால் போதும்.

குடும்ப சீரியலுக்கு அழுகிறவர்களுக்காவது வீட்டில் துணைக்கு ஒருவர் இருப்பார். வேற்றுக்கிரகமும் ரோபோவும் வருகிற சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடருக்கு அழுகிறவர் பாடுதான் திண்டாட்டம். "நீலப் பெட்டிக்குள்ள ஏறி ஊர் ஊரா சுத்துற ஒருத்தனுக்காகவா கண்ணு இப்படிச் செவந்து கெடக்கு?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

எனக்கு அந்த அனுபவம் உண்டு. தொடர் 'டாக்டர் ஹூ'. எபிசோடின் பெயர் 'டூம்ஸ்டே'. 2006 ஜூலை 8, சனிக்கிழமை மாலை பிபிசியில் ஒளிபரப்பானது. பிரிட்டனில் எண்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். நான் பார்த்தது வெகுகாலம் கழித்து. முடிவு என்னவென்று முன்பே தெரியும். தெரிந்தும் தப்பிக்க முடியவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. டாக்டர், காலத்திலும் விண்வெளியிலும் பயணம் போகிற வேற்றுக்கிரகத்துக்காரர். 1963-ல் தொடங்கிய தொடர், 1989-ல் நின்றது. 2005-ல் ரஸ்ஸல் டி டேவிஸ் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். அப்போது டாக்டரோடு கிளம்பியவள்தான் ரோஸ் டைலர். லண்டனில் துணிக்கடை வேலை, சின்ன ஃப்ளாட், வாயாடி அம்மா ஜாக்கி. அப்பா பீட், ரோஸ் கைக்குழந்தையாக இருந்தபோதே விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். ரோஸாக பில்லி பைபர். இரண்டாவது சீசனில் டாக்டர், டேவிட் டென்னன்ட்.

இந்த முடிவு இரண்டு பாகக் கதை. முதல் பாகம் 'ஆர்மி ஆஃப் கோஸ்ட்ஸ்', ஒரு வாரம் முன்பு, ஜூலை 1-ல் வந்தது. 'நான் எப்படிச் செத்தேன் என்கிற கதை இது' என்ற பொருளில் ரோஸின் குரலோடுதான் அது தொடங்குகிறது. ஏழு நாள் பிரிட்டன் பிள்ளைகள் எப்படித் தூங்கினார்களோ!

அந்த முதல் பாகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு சமையலறை. உலகமெங்கும் திடீரென்று வெளிறிய மனித உருவங்கள் நடமாட ஆரம்பிக்கின்றன. ஆவிகள் என்று ஜனங்கள் நம்புகிறார்கள், பழகியும் போய்விடுகிறார்கள். ஜாக்கியும் நேரம் பார்த்துக் காத்திருக்கிறாள், செத்துப்போன தன் அப்பா வருவார் என்று. உருவம் வந்து நிற்கிறது. முகம்கூடத் தெரியவில்லை. ஆனால் அவர் பிடித்த சிகரெட் வாசனை வருகிறது என்கிறாள் ஜாக்கி. தாத்தா செத்துப் பத்து வருஷம் ஆகிறதே அம்மா என்கிறாள் ரோஸ். உண்மையில் அவை ஆவிகளே இல்லை. வேறொரு உலகத்திலிருந்து நுழையப் பார்க்கும் சைபர்மேன்கள். இறந்தவர் திரும்பி வரவேண்டும் என்று ஏங்கும் வீடுகளின் ஏக்கத்தையே கதவாக்கிக்கொண்டு உள்ளே வருகின்றன.

இதை வெறும் ரோபோ கதை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருமா, வராதா?

ஜாக்கி மகளிடம் இன்னொன்றும் சொல்கிறாள். இப்படியே சுற்றிக்கொண்டிருந்தால் நாற்பது, ஐம்பது வருஷம் கழித்து ஏதோ ஒரு கிரகத்துச் சந்தையில் முன்பின் தெரியாத ஒரு பெண் நடந்து போவாள். அவள் என் ரோஸாக இருக்கமாட்டாள். பிள்ளையைத் தூரதேசத்துக்கு அனுப்பிவிட்ட எந்தத் தாய்க்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. ஃபோனில் மகளின் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைக் கேட்டவர்கள் நம் வாசகிகளில் எத்தனை பேர்!

இரண்டாம் பாகத்தின் முதல் பாதி ஒரே கொண்டாட்டம். டாக்டரின் பழைய எதிரிகளான டாலெக்குகளும் இந்த சைபர்மேன்களும் தொடரின் சரித்திரத்திலேயே முதல் முறையாக நேருக்கு நேர் மோதுகின்றன. மோதுவதற்கு முன் குழாயடிச் சண்டை மாதிரி ஒன்றையொன்று நக்கல் வேறு செய்துகொள்கின்றன. நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரிக்க வைத்துவிட்டுத்தான் அடிக்கிறார் டேவிஸ்.

எதிரிகளை உறிஞ்சி எடுக்க உலகங்களுக்கு நடுவே ஒரு திறப்பை டாக்டர் திறக்கவேண்டும். பிறகு அது நிரந்தரமாக மூடிவிடும். ரோஸைக் கேட்காமலேயே அவளை அம்மாவோடு, நம் உலகத்துக்கு இணையான பக்கத்து உலகத்துக்கு அனுப்பிவிடுகிறார். இங்கே செத்துப்போன அப்பாவின் மறுபதிப்பாக அங்கே ஒரு பீட் உயிரோடு இருக்கிறார். ரோஸ் திரும்பி வந்துவிடுகிறாள், இனி அம்மாவைப் பார்க்கவே முடியாது என்று தெரிந்தே. டாக்டருக்காகக் கைதட்டியவர்கள் அந்த நிமிஷத்தில் ஜாக்கியை மறந்துவிட்டார்கள். நானும் கைதட்டினேன்.

அப்புறம், திறப்பைத் திறந்து வைத்திருக்கும் அந்த நெம்புகோல். ரோஸின் பிடி நழுவுகிறது. கடைசி நொடியில் பீட் தோன்றி அவளைத் தாங்கிப் பிடித்து, தன் உலகத்துக்கே கொண்டுபோய்விடுகிறார். திறப்பு மூடுகிறது.

மிச்சம் ஒரு வெள்ளைச் சுவர். அந்தப் பக்கம் ரோஸ் சுவரை அடித்து அடித்து அழுகிறாள். இந்தப் பக்கம் டாக்டர் மெதுவாக வந்து கையை வைக்கிறார், கன்னத்தைச் சுவரில் சாய்க்கிறார். அவளும் சாய்கிறாள். வசனம் இல்லை, மரே கோல்டின் இசை மட்டும். பிறகு டாக்டர் ஒரு வார்த்தையும் பேசாமல் நடந்துபோகிறார். என் கண் கலங்கியது இங்கேதான், பலரும் சொல்கிற கடற்கரையில் இல்லை.

கடற்கரை, கதைப்படி நார்வே. படமெடுத்தது வேல்ஸின் தெற்குக் கரையில், சதர்ன்டவுன் என்ற இடத்தில். மூடாமல் மிச்சமிருக்கும் கடைசி இடுக்கு வழியாக டாக்டர் தன் உருவத்தை மட்டும் அனுப்புகிறார். அதற்குத் தேவையான சக்திக்காக வெடித்துக்கொண்டிருக்கும் ஒரு நட்சத்திரத்தையே எரிக்கிறார் (இயற்பியல் ஆசிரியர்கள் மன்னிக்கவும்). நெட் விட்டுவிட்டு வருகிற வீடியோ கால் மாதிரிதான் அந்தக் காட்சி. முகம் தெரிகிறது, தொட முடியாது, கிடைத்திருப்பது இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தில் என்ன பேசுகிறார்கள்? அம்மா முழுகாமல் இருக்கிறாள், எனக்கு வேலை கிடைத்துவிட்டது, இப்படி. நாம் பேசுவதேதான். ரோஸ் தன் காதலைச் சொல்லிவிடுகிறாள். டாக்டர் அவள் பெயரைச் சொல்லி, அடுத்த வார்த்தைக்கு வாயெடுக்கும்போது மறைந்துபோகிறார்.

தாத்தாவின் ஆவியை நம்பாத பெண், கடைசியில் ஓர் ஆவியோடு பேசிக்கொண்டு நிற்கிறாள். இதை நான் இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் கவனித்தேன்.

குடும்பக் கதையில் பிரிந்தவர்களுக்கு ஒரு பஸ் டிக்கெட் போதும், மனசு வைத்தால் போய்ப் பார்த்துவிடலாம். சாவு என்றால் காரியம் செய்து தீர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. இரண்டு பேரும் உயிரோடு, நலமாக, ஆனால் ஒருபோதும் சந்திக்க முடியாதபடி இருப்பதைக் காட்ட சயின்ஸ் ஃபிக்‌ஷனை விட்டால் வேறு எந்தக் கதை வகை இருக்கிறது?

அழுகையோடு கோபமும் வந்தது. தன் நீலப் பெட்டியான டார்டிஸில் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்கிறார். எதிரே கல்யாண உடையில் ஒரு பெண், கேத்தரின் டேட், எங்கே கொண்டுவந்தாய் என்று சண்டைக்கு நிற்கிறாள். சீசன் அதோடு முடிகிறது! துக்க வீட்டுக்குள் பேண்டு வாத்தியம் நுழைந்தாற்போல் அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது அது சரியென்றே படுகிறது. உலகம் யாருக்காகக் காத்திருந்தது?

2008-ல் ரோஸைத் திரும்பக் கொண்டுவந்து, அதே கடற்கரையில் டாக்டரைப் போலவே இருக்கும் ஒரு மனிதனோடு சேர்த்துவைத்தார்கள். ரசிகர்களில் பலருக்கு நிம்மதி. எனக்கு இல்லை. மூடிய சுவர் மூடியபடியே இருந்திருக்கலாம்.

குழந்தைகளும் பார்க்கிற தொடரில் இப்படிச் செய்யலாமா என்றால், பிபிசிக்கு இது புதிதில்லை. 1981 டிசம்பர் 21-ல், கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருக்கும்போது, 'பிளேக்ஸ் 7' தொடரில் நாயகர்களை வரிசையாகச் சுட்டுச் சாய்த்து முடித்தார்கள். அன்று எத்தனை வீட்டில் பிள்ளைகளைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்திருக்கும்!

ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருந்தது. வீடே ஒன்றாக உட்கார்ந்து பார்த்தது, அழுதாலும் பக்கத்தில் ஆள் இருந்தது. இப்போது பிள்ளை தன் அறையில், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, தனியாக அழுகிறது. அழுது முடிப்பதற்குள் அடுத்த எபிசோட் தானாக ஓட ஆரம்பிக்கிறது. அந்த ஆட்டோப்ளேயை ஒரு நாளாவது நிறுத்தி வையுங்களேன். சாப்பிட வரும்போது முகம் வாடியிருந்தால், 'கதைதானே' என்பதற்குப் பதில் 'யாருக்கு என்ன ஆச்சு?' என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் கதை சொல்லும். தோசை ஆறிப்போகும், பரவாயில்லை.

நீங்களும் பார்க்க நினைத்தால் நேராக முடிவுக்குப் போகாதீர்கள். 2005-ன் முதல் எபிசோட் 'ரோஸ்', அப்பாவின் கதையான 'ஃபாதர்ஸ் டே', அடுத்த சீசனில் பக்கத்து உலகத்து பீட் அறிமுகமாகும் இரண்டு சைபர்மேன் எபிசோடுகள், பிறகு இந்த இரண்டு பாகங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் ஜாக்கி கட்சிதான் பேசுவார், தயாராக இருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்