42 ரூபாயும் ஒரு துரும்பும்

மதுரை மாவட்டத்தில், எழுமலைக்குப் பக்கத்து ஊர் உத்தப்புரம். தலித் குடியிருப்பை மறித்து 1989-இல் எழுப்பிய சுவரில் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று அரசு இடித்து வழி திறந்தது. அப்புறமும் நிழற்குடை, கோயில், அரசமரம் என்று ஒவ்வொன்றுக்கும் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருந்தது. திறந்த வழியில் நடந்து போகலாமா, வண்டி போகலாமா என்றெல்லாம் பேசினார்கள். அந்த வழியாகப் பெண் கொடுக்கலாமா, எடுக்கலாமா என்பது அந்தப் பட்டியலில் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. யாராவது அதைத் தொடங்கியிருந்தால் உட்கார்ந்திருந்தவர்கள் அப்போதே எழுந்து போயிருப்பார்கள்.

சாதியின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது மாணவராக வாசித்த கட்டுரையிலேயே அம்பேத்கர் சொல்லிவிட்டார். உள்ளுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்ளும் வரைதான் சாதி என்று ஒன்று உண்டு. அதைக் காப்பாற்றத்தான் உடன்கட்டை, விதவைக் கோலம், குழந்தை மணம் எல்லாம் வந்தன என்றார். மூன்றும் பெண்ணின் உடம்பின் மேல் வைத்த காவல். சுவர் கட்டச் செங்கல் வேண்டும், சிமென்ட் வேண்டும், கடைசியில் இடிக்கப் புல்டோசர் வரும். பெண்ணைக் காவலில் வைக்க அந்தச் செலவெல்லாம் கிடையாது.

இந்தக் காவலை நியாயப்படுத்த எப்போதும் எடுத்து வைக்கிற வாதம், 'இது எங்க பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம்' என்பது. எழுமலை, உசிலம்பட்டி, சேடபட்டி வட்டாரத்தைப் பொறுத்தவரை இந்த வாதம் ஆவணத்தின் முன் நிற்காது. இங்கே பெரும்பான்மையாக வாழும் பிரமலைக் கள்ளர்கள் உட்படக் கள்ளர் சமூகத்தாரின் மண வழக்கங்களைப் பற்றி 19-ஆம் நூற்றாண்டின் மதுரை மாவட்டக் குறிப்பேடும், அதை எடுத்தாண்ட எட்கர் தர்ஸ்டனின் 1909-ஆம் ஆண்டுத் தொகுப்பும் என்ன சொல்கின்றன? பிடிக்காத மனைவியை விலக்கும் கணவன் அவளுடைய சொத்தில் பாதியைத் திருப்பித் தர வேண்டும். மனைவிக்குப் பிடிக்கவில்லையா, 42 ரூபாயை விட்டுக்கொடுத்துவிட்டு அவள் தன் விருப்பப்படி போய்விடலாம். கணவனை இழந்தவள், தனக்குப் பிடித்தவன் ஒரு சேலை எடுத்துக் கொடுத்தால் அவனைக் கட்டிக்கொள்ளலாம். ஊரார் முன்னிலையில் ஒரு துரும்பைக் கொடுத்து வாங்கினால் உறவு தீர்ந்தது. 1949-50-இல் இங்கே வந்து தங்கி ஆராய்ந்த பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோனும் மணவிலக்கும் மறுமணமும் இங்கே சகஜமாக இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். அறுத்துக் கட்டுகிற வழக்கமுள்ள சாதிகள் தமிழ்நாட்டில் ஏராளம். அதை இழுக்காகப் பார்த்தவர்கள் அந்த வழக்கம் இல்லாத சில மேல்சாதிகள்தான்.

அந்தக் காலம் பெண்களுக்குப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. கூடிப் பேசித் தீர்த்தவர்கள் ஆண்கள்தான், 42 ரூபாயும் அன்றைக்குச் சின்னத் தொகை அல்ல. ஆனால் ஒரு வாசல் இருந்தது. அதைத் தாண்டினால் யாரும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வரவில்லை.

பிறகு என்ன ஆனது? 'குற்றப்பரம்பரை' என்று முத்திரை குத்தி ஆண்களை ரேகை வைக்கச் சொன்னது வெள்ளைக்காரன் சட்டம். அதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் பலர் உயிரைக் கொடுத்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அந்த இழிவிலிருந்து மீண்டு வரப் பள்ளிக்கூடமும் நிலமும் அரசு வேலையும் உதவின. 1959-இல் வைகை அணை வந்தது. தண்ணீர் பாய்ந்த இடத்தில் பணப்பயிரும் பணமும் வந்தன. கூடவே 'மரியாதை' என்கிற புதுச் செலவும் வந்தது. பரிசம் போட்டுப் பெண் கேட்டு வந்த வாசலில் மாப்பிள்ளை வீட்டார் 'எத்தனை பவுன்?' என்று கேட்கத் தொடங்கினார்கள். 1986-இல் உசிலம்பட்டிப் பெண் சிசுக்கொலையை 'இந்தியா டுடே' அட்டைப்படக் கட்டுரையாக்கியது. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 1994-இல் பெண் சிசுக்கொலையைப் பேசிய 'கருத்தம்மா' படம் வந்தது. அதே ஆண்டு, கருவிலிருக்கும் குழந்தையின் பாலினத்தைச் சொல்லக் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

அந்த நாள்களில் எழுதியவர்கள் பலர் இதையும் 'அந்தச் சமூகத்தின் பழக்கம்' என்றே எழுதினார்கள். ரேகைச் சட்டத்தின் பழைய புத்தி மை மாற்றி எழுதியது அது. பெண்ணுக்குப் பரிசம் கொடுத்த ஊரில் பெண் சிசு சுமையானது வரதட்சணை தலையெடுத்த பிறகு என்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். போலீஸ் வந்தபோது பெரும்பாலும் மாட்டியது பிள்ளை பெற்ற தாய். பவுன் கணக்குப் பேசிய மாமனாரை யாரும் ஜீப்பில் ஏற்றவில்லை.

இன்றைக்கு எழுமலைப் பக்கம் கடைத்தெருவில் நின்று பார்த்தால், பூப்புனித நீராட்டு விழா ஃபிளக்ஸில் 12, 13 வயதுப் பெண் பட்டுச்சேலையில் நிற்பாள். சுற்றிலும் கட்சித் தலைவர்கள், மாமன்மார்கள். ஒரு சிறுமியின் உடம்பில் நடந்த மாற்றத்தை ஊருக்கே அறிவிப்பதில் யாருக்கும் கூச்சம் இல்லை, மொய் எழுத நோட்டும் தயார். அதே பெண் 17 வயதில் கைப்பேசியில் சிரித்துப் பேசினால் மட்டும் வீட்டுக்குக் கூச்சம் வந்துவிடும். இன்னும் சற்றுத் தள்ளி, டி.கல்லுப்பட்டிப் பக்கம் கூவலாபுரத்தில், மாதவிலக்கான பெண்கள் போய்த் தங்குவதற்கென்றே 'முட்டுத்துறை' இருப்பதைப் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கின்றன. மாதவிலக்கைக் காரணம் காட்டி ஒதுக்குவதும் தீண்டாமைதான் என்று 2018 சபரிமலைத் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் எழுதினார். உத்தப்புரத்துக்குப் போன புல்டோசருக்கு முட்டுத்துறைக்கு வழி தெரியவில்லை.

மதுரைப் பதிப்பு நாளிதழ்களில் 'மாணவி மாயம்' என்ற துண்டுச் செய்தியைத் தேட வேண்டியதே இல்லை. மாயமானவருக்கு வயது 19 இருக்கும், 21 இருக்கும். அதாவது ஓட்டுப் போட்டு விரலில் மை வைத்துக்கொண்டவர். அப்பா புகார் கொடுப்பார், 'பெண் காணவில்லை' என்று எஃப்ஐஆர் போடுவார்கள், செல்போன் டவரை வைத்துத் திருப்பூரிலோ கோவையிலோ கண்டுபிடிப்பார்கள். அவள் டி.சி.யையும் ஆதாரையும் மேசையில் வைத்து, "நான் மேஜர் சார், இஷ்டப்பட்டுத்தான் போனேன்" என்பாள். சட்டப்படி அத்தோடு வேலை முடிந்தது. எழுதி வாங்கிக்கொண்டு போகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இரண்டு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் நிற்பார்கள். உள்ளே நாற்காலியில் பெரியப்பாவும் ஒரு கட்சிக்காரரும். "ஒங்க அம்மா சோறு தண்ணி இல்லாமக் கெடக்கு, ஒரு தடவ வந்து மொகத்தக் காட்டிட்டுப் போத்தா" என்று அத்தை அழும். "பெத்தவங்க வயித்தெரிச்சல வாங்கிக்கிட்டு நல்லா இருந்துருவியா பாப்பா?" என்று ஸ்டேஷன் ரைட்டர் கேட்பார். மறுநாள் செய்தியில் ஒரே வரி: போலீசார் அறிவுரை கூறிப் பெற்றோருடன் அனுப்பி வைத்தனர்.

அந்த வரிக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதற்கு உசிலம்பட்டியிலேயே உதாரணம் இருக்கிறது. தலித் இளைஞரை மணந்த இந்த வட்டாரப் பெண் ஒருவர், போலீஸ் தலையிட்டுப் பெற்றோர் பக்கம் போனபின், 2014 அக்டோபரில் இறந்தார். உடல் எரிக்கப்பட்டுவிட்டது. அந்த வழக்கில்தான் 2016 ஏப்ரல் 13 அன்று, உடுமலைப்பேட்டையில் சாதி தாண்டி மணந்த தலித் இளைஞர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டுச் சரியாக ஒரு மாதத்தில், நீதிபதி வி.ராமசுப்பிரமணியன் ஒரு தீர்ப்பு எழுதினார். மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் மூவரும் அடங்கிய தனிப் பிரிவு, 24 மணி நேர உதவி எண் என்று வரிசையாக உத்தரவிட்டார். மாவட்டத் தலைநகரில் ஒரு பிரிவு இருப்பது நல்லதுதான். ஆனால் எழுமலையில் வேனுக்கு முன்னால் நிற்கும் பெண்ணுக்கு மதுரை வெகுதூரம்.

ரைட்டரை மட்டும் திட்டிப் பயன் இல்லை. மேலே இருக்கிற சட்டமும் நெடுங்காலம் அவருடைய மொழியில்தான் பேசியது. 2018 செப்டம்பர் 27 வரை பிறன்மனை உறவு என்பது கணவனுக்கு எதிரான குற்றம். அவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை, மனைவிக்குப் புகார் கொடுக்கும் உரிமையும் இல்லை. வயலில் மாடு மேய்ந்ததற்கு வயலின் சொந்தக்காரன் பிராது கொடுப்பதுபோல. அந்தப் பிரிவு போய்விட்டது. ஆனால் 18 வயது நிறைந்த மனைவியை அவள் விருப்பத்துக்கு மாறாகக் கணவன் கூடினால் அது வல்லுறவு ஆகாது என்ற விலக்கு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இதை நமக்குக் கற்றுக்கொடுத்த இங்கிலாந்து 1991-லேயே கைவிட்டுவிட்டது. சாதி தாண்டிக் கல்யாணம் செய்வோருக்கு உதவும் என்று நம்பப்படும் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டமோ, 30 நாளுக்கு முன்பே நோட்டீஸ் கொடு, அதைப் பதிவு அலுவலகத்தில் ஒட்டு என்கிறது. யாருக்குத் தெரியக் கூடாதோ அவர்களுக்கு அரசே சொல்லியனுப்புகிறது. சுயமரியாதைத் திருமணத்துக்கு ஊரறிய அறிவிப்பு தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொன்னது இந்த ஆபத்தைப் புரிந்துகொண்டுதான்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் இரண்டு திசையில் போய் வந்திருக்கிறது. கோயிலுக்கு எதை உடுத்திக்கொண்டு வர வேண்டும் என்று 2015-இல் ஆணையிட்டதும் இங்கேதான். வல்லுறவுக்கு ஆளான பெண்களுக்குச் செய்யும் இரு விரல் பரிசோதனையை ஒழிக்க வேண்டும் என்று 2022-இல் சொன்னதும், திருநங்கையும் மணமகள்தான் என்று 2019-இல் சொன்னதும் இங்கேதான். 2025 மார்ச்சில் ஒரு மணவிலக்கு வழக்கில், மனைவி தனியாக இருக்கும்போது ஆபாசப் படம் பார்ப்பதோ சுய இன்பம் காண்பதோ கணவனுக்கு இழைக்கும் கொடுமை ஆகாது, மணமாவதால் ஒரு பெண் தன் உடல் மேலுள்ள உரிமையை இழந்துவிடுவதில்லை என்று நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் ஆர்.பூர்ணிமாவும் தீர்ப்பளித்தார்கள். மதுரையில் இப்படி ஒரு தீர்ப்பு வரும் என்று, திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி 2005-இல் நடிகை குஷ்பு பேசியதற்கு அவர் மீது 23 வழக்குகள் போட்ட தமிழ்நாட்டில் யார் எதிர்பார்த்தார்கள்? (அந்த வழக்குகளை 2010-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.)

நெல்லையில் தலித் இளைஞர் கவின் ஆணவக் கொலைக்குப் பலியான பிறகு, 2025 அக்டோபரில், ஆணவக் கொலைகளுக்கு எதிரான சட்டத்துக்குப் பரிந்துரை தர ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் தமிழக அரசு ஆணையத்தை அறிவித்தது. தனிச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கொலைக்குத் தண்டனை இப்போதும் இருக்கிறது, உடுமலை வழக்கில் விசாரணை நீதிமன்றம் தூக்கே விதித்தது. சட்டத்தில் இல்லாதது கொலைக்கு முந்தைய அந்த ஒரு மணி நேரம். 18 வயது நிறைந்த பெண்ணைக் கண்டுபிடித்தால் சொந்தக்காரர் யாரும் இல்லாத அறையில் வாக்குமூலம் வாங்க வேண்டும், எங்கே போகிறேன் என்கிறாரோ அங்கே போலீஸ் வண்டியிலேயே கொண்டுபோய்விட வேண்டும், 'அறிவுரை' சொல்லி அனுப்பும் அதிகாரி பின்விளைவுக்கு நேரில் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதாத சட்டம், இன்னொரு தனிப் பிரிவும் இன்னொரு உதவி எண்ணுமாகத்தான் முடியும்.

அப்படியே எழுதினாலும், போகிற இடத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற கேள்வி நிற்கிறது. பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் இயற்றிவிட்டது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு முகூர்த்த நாளில் போய்ப் பாருங்கள். அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வந்த அக்கா தங்கச்சிகள் வரிசையில் இருப்பார்கள். 'தீபாவளிக்குச் சீர் வரணும்ல' என்பார்கள். பங்கை விடாமல் வைத்துக்கொண்டவளுக்குப் பிறந்த வீட்டு வாசல் அடைபடும், நல்லது கெட்டதற்குச் சொல்லிவிட மாட்டார்கள். சாதி மாறிக் கட்டிக்கொண்டவளுக்கு அந்த வாசல் ஏற்கெனவே அடைபட்டதுதான். ஆகவே பங்கை வழக்குப் போட்டு வாங்க அவளுக்காவது தயக்கம் இருக்கக் கூடாது, சட்ட உதவி மையம் அந்த வழக்கைத் தானே எடுத்து நடத்த வேண்டும்.