செக் என்ஜின் லைட் எரிஞ்சா உடனே பார்ட்ஸ் மாத்தாதீங்க!

போன மாசம் உப்பளத்துல வீட்டு வாசல்ல வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். டேஷ்போர்டுல மஞ்சள் கலர்ல என்ஜின் படம். நேரா ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஸ்கேனரைச் செருகினாங்க, "பி0171" என்று கோடு வந்தது. அடுத்த அஞ்சு நிமிஷத்துல எஸ்டிமேட் கையில: ஆக்ஸிஜன் சென்சார் 12,500, லேபர் 1,700, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 16,756 ரூபாய். மாசம் 35,000 சம்பளம் வாங்குறவங்களுக்கு இது கிட்டத்தட்ட பாதி சம்பளம்.

பி0171 என்றால் என்ன அர்த்தம்? என்ஜினுக்குப் போற கலவையில காற்று அதிகம், பெட்ரோல் கம்மி. அவ்வளவுதான். சைலன்சர் பக்கம் உட்கார்ந்து அதைக் கண்டுபிடிச்சுச் சொன்னதே அந்த ஆக்ஸிஜன் சென்சார்தான். தகவல் சொன்ன ஆளையே மாத்தச் சொல்றாங்க!

நம்ம பாஷையில சொல்றேன். ஏஐஎஸ்ல இருக்குற வட்டித் தொகையும் உங்க ரிட்டர்னும் ஒத்துப்போகலைன்னா வருமான வரித் துறையிலிருந்து மெசேஜ் வரும். அன்னைக்கே பணம் கட்டிடுவீங்களா? யார் கணக்குல தப்புன்னு முதல்ல பார்ப்பீங்க. கோடும் அப்படித்தான். எங்கே தேடணும்னு சொல்லும். எதை மாத்தணும்னு சொல்லாது.

எஸ்டிமேட்டை மடிச்சு வச்சுட்டு, தெரு முனையில இருக்குற மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். அவரும் ஸ்கேனர்தான் போட்டார். ஆனா கோடைப் பார்த்ததோட நிறுத்தல. ஃப்யூவல் டிரிம் பார்த்தார். அதாவது, குறையைச் சரிக்கட்ட கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோல் கூடுதலா ஊத்துது என்கிற கணக்கு. ஐடில்ல 24 சதவீதம். 2,500 ஆர்பிஎம்ல 6. "ஐடில்ல மட்டும் எகிறுதுன்னா எங்கேயோ காத்து உள்ள இழுக்குது தம்பி" என்றார். வேகம் கூடும்போது எகிறினா, ஃப்யூவல் பம்பு, ஃபில்டர் பக்கம் பார்க்கணுமாம். தேடினா, ஒரு வேக்குவம் ஹோஸ்ல வெடிப்பு. ஹோஸ் 350, கூலி 250.

செக் பண்ணினதுக்கு அவர் ஒண்ணும் கேட்கல. நான்தான் 500 ரூபாயைக் கையில திணிச்சேன். மொத்தம் 1,100.

என் கருத்தே இந்த 500 ரூபாயைப் பத்தினதுதான். கண்டுபிடிக்கிற வேலைக்கு நாம காசு கொடுக்கிறதில்ல. "சும்மா பாருங்க"ன்னு சொல்றோம். அப்போ பார்ட்ஸ் வித்தாத்தான் வருமானம்னு ஆகிடுது. பெரிய இடத்துல பார்ட்ஸ் மேல பில் ஏறுறதுக்கு நாமளும் ஒரு காரணம். டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்குற மாதிரி, செக்கிங் சார்ஜை முதலிலேயே தனியா பேசுங்க.

"ஆயிரம் ரூபாய்க்கு ப்ளூடூத் ஸ்கேனர் கிடைக்குதே?" வாங்குங்க, தப்பில்ல. ஆனா கோடை அழிச்சுடாதீங்க. கோடு விழுந்த நேரத்து ஆர்பிஎம், சூடு எல்லாம் பதிவாகியிருக்கும். அழிச்சா அந்த ஆதாரமும் போயிடும். முதல்ல ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. நம்ம ஊர்ப் பேரே உப்பளம். கடல் காத்துல கனெக்டர் பின் பச்சை பூத்தாலும் சென்சார் கோடு வரும். அதனால வயரையும் பார்க்கச் சொல்லுங்க.

இன்னும் மூணு விஷயம்:

1. லைட் விட்டு விட்டு எரிஞ்சா வண்டியை ஓரம்கட்டுங்க. பெரும்பாலும் மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துடும். அப்போ 16,000 எல்லாம் சின்னத் தொகை.

2. சாதாரண மோட்டார் இன்ஷூரன்ஸ், தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் கோளாறுக்கும் பணம் தராது. வாரண்டி பாக்கி இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லைன்னா உங்க எமர்ஜென்சி ஃபண்டுதான்.

3. பார்ட் மாத்தினா பழசைக் கேட்டு வாங்குங்க, ஜிஎஸ்டி பில்லோட. ஏமாத்தினாங்கன்னு தெரிஞ்சா 1915 தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கு.

எஸ்ஐபி-ல மாசம் 1,000 ரூபாய் போட நாலு வீடியோ பார்க்குறோம். 16,000 ரூபாய் எஸ்டிமேட்டுக்கு "சரி, பண்ணிடுங்க"ன்னு அஞ்சு நிமிஷத்துல தலையாட்டுறோம். அடுத்த தடவை தலையாட்டுறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி கேளுங்க: "இதுதான் கெட்டுப்போச்சுன்னு எப்படி உறுதி பண்ணினீங்க?" பதில் வரலைன்னா, சாவியை வாங்கிட்டுக் கிளம்பிடுங்க.