‘நல்ல நிலையில் உள்ளது’ என்றொரு பொய்

பழைய புத்தக வியாபாரத்தில் மிக அதிகப் புழக்கமும் மிகக் குறைந்த உண்மையும் கொண்ட வாசகம் ‘நல்ல நிலையில் உள்ளது’ என்பதுதான். அதை நம்பிப் பணம் அனுப்பியவர்களில் நாங்களும் உண்டு என்பதால் இந்தக் கோபத்தை மறைத்துக்கொள்வதற்கில்லை.

வாங்கியது, கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னின் ஒரு பாகம். இதழிலிருந்து கிழித்தெடுத்து பைண்டு செய்தது, மணியத்தின் ஓவியங்களுடன். ‘புதிது போல் இருக்கும்’ என்றார் விற்றவர். அவர் சொன்னது உண்மையே. புத்தம் புதிய ரெக்ஸின் முதுகு, அதில் பொன்னிற எழுத்து, கட்டிங் மெஷினில் மூன்று பக்கமும் வெட்டப்பட்டுப் பளிச்சென்ற விளிம்புகள். முதல் நான்கு தாள்களுக்கு லேமினேஷன். திறந்து பார்த்தால் பக்கத்தின் மேல் ஓரம் எங்குமே இல்லை. எந்த வாரத்து இதழ் என்று சொல்லும் வரி ஓரத்தோடு போய்விட்டது. ஓர் ஓவியத்தில் குதிரைக்கு வால் இருக்கிறது, முகம் இல்லை. எழுபது வருடம் எத்தனையோ பரண்களில் தப்பிப் பிழைத்த ஒரு பொருளை, விற்பதற்கு முந்தைய வாரத்தில் அரை மணி நேரத்தில் கொன்றிருக்கிறார்கள். அதற்குப் பெயர் ‘நல்ல நிலை’.

நாங்கள் சொல்ல வருவது இதைத்தான்: பழம்பொருளின் நிலை என்பது அதன் பளபளப்பு அல்ல. அதிலிருந்து எது போயிற்று, அதன்மீது என்ன செய்யப்பட்டது, செய்ததைத் திருப்பி எடுக்க முடியுமா என்பதே நிலை. இதைச் சொல்லாமல் ஒற்றைச் சொல்லில் சான்றிதழ் எழுதுகிறவர் பொருளைப் பற்றிப் பேசவில்லை, விலையைப் பற்றிப் பேசுகிறார்.

ஆங்கிலப் புத்தக வியாபாரிகளிடமிருந்து வந்த பழக்கம்தானே இது என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அரைகுறையாக வந்த பழக்கம். 1949இல் அமெரிக்காவின் ‘ஏபி புக்மேன்ஸ் வீக்லி’ நிலைகளுக்கான சொற்களை வரையறுத்தபோது ‘குட்’ என்ற சொல்லுக்குக் கொடுத்த பொருள், எல்லாப் பக்கமும் உள்ள, சாதாரணமாகப் புழங்கித் தேய்ந்த பிரதி என்பதுதான். அதற்கு மேல் மூன்று படிகள் உண்டு. குறை எதுவானாலும் குறிப்பிட வேண்டும், நூலகத்திலிருந்து வந்த பிரதி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது நூலகப் பிரதி என்று சொல்லியே ஆகவேண்டும் என்பதும் அதே வரையறையில் இருக்கிறது. நம்மவர்கள் ‘குட்’டை எடுத்து ‘நல்ல’ என்று மொழிபெயர்த்தார்கள். நிபந்தனைகளைக் கப்பலிலேயே விட்டுவிட்டார்கள்.

கடன் வாங்கத் தேவையே இருக்கவில்லை என்பது இன்னும் வருத்தமானது. ஏடுகளோடு பழகிய மரபு நம்முடையது. சுவடி அட்டவணைகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: முற்றுப்பெற்றது, குறையுடையது, முதலும் இறுதியும் இல்லை, செல்லரித்தது, இராமபாணம் துளைத்தது, ஓரம் ஒடிந்தது. ஒவ்வொன்றும் ஒரு தகவல், ஒன்றிலும் புகழ்ச்சி இல்லை. உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் மூலத்தில் சிதைந்துபோன இடத்தைச் சிதைந்ததாகவே காட்டினார்கள். இல்லாத சீரை இட்டு நிரப்பி ‘புதிது போல்’ ஆக்குவது அவர்களுக்குக் கைவராத வித்தையா? கூடாத வித்தை என்று அறிந்திருந்தார்கள். அந்தச் சொற்களையெல்லாம் விட்டுவிட்டு இன்று நாம் ‘ரேர்’, ‘மிண்ட்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

திருச்சியில் இருப்பவர்களுக்கு இது ஏட்டுப் பிரச்சினை அல்ல. ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்ககமாகும்போது பரணில் இருந்ததெல்லாம் கீழே இறங்குகிறது. பெரும்பகுதி எடைக்குப் போகிறது. மிச்சம் மெயின்கார்டு கேட் பக்கத்து நடைபாதைக்கோ, கைபேசியில் படம் பிடித்து விற்பவர்களிடமோ வந்து சேர்கிறது. அப்படி இறங்குபவற்றில் எங்களை எப்போதும் நிறுத்துவது வீட்டிலேயே சேர்த்துக் கட்டிய தொடர்கதைத் தொகுதிகள்தாம். மைதாக் கஞ்சியில் மயில்துத்தம் கலந்து ஒட்டிய அட்டை. சணல் நூல் தையல். விட்டுப்போன வாரத்துக்கு, யாரோ ஓர் அத்தை பக்கத்து வீட்டு இதழைப் பார்த்து நீலமசியில் எழுதிச் சேர்த்த நான்கு தாள்கள். அத்தியாய முடிவுக்குப் பின்புறத்தில் பாதியில் அறுந்த ஒரு சமையல் குறிப்பு, ஒரு தலைவலித் தைல விளம்பரம். வியாபாரி முதலில் பிடுங்கி எறிவது அந்த நீலமசித் தாள்களைத்தான். அவருக்கு அது குறை. ஒரு தொடர்கதையை ஒரு தெரு எப்படிப் படித்தது என்பதற்கு வேறு என்ன சாட்சி இருக்கிறது?

இங்கே எங்களை மடக்கலாம். அந்த அத்தையும் இதழைக் கிழித்தவர்தானே, கதையைக் காப்பாற்றி இதழை அழித்தவர்தானே என்று கேட்கலாம். ஆம், அழித்தார். மற்றப் பக்கங்கள் அடுப்புக்கோ பொட்டலத்துக்கோ போயின. அந்த இழப்பும் குறிப்பில் ஏறவேண்டும் என்றுதான் சொல்கிறோம். ஆனால் அவர் வாசிப்பதற்காகச் செய்தார். விற்றுவிட்டு மறந்துபோவதற்காகச் செய்யவில்லை. அவருடைய தையலைப் பிரித்தால் தாள் திரும்பக் கிடைக்கும். லேமினேஷனைப் பிரித்தால் எழுத்தும் சேர்ந்து உரிந்து வரும்.

முழுமை என்ற சொல்லையும் கொஞ்சம் உலுக்கிப் பார்க்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா, கணையாழியின் கடைசிப் பக்கத்தை ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில் எழுதினார். பின்குத்திய எந்தப் பழைய இதழிலும் முதலில் கழன்று விழுவது கடைசித் தாள். ‘அட்டை மட்டும் இல்லை, மற்றபடி முழுமை’ என்று விற்கப்படும் கணையாழியில் எதைத் தேடி வாங்கினோமோ அதுவே இல்லாமல் போகக்கூடும். ஸ்ரீவாணிவிலாஸ் அச்சகம் 1910இல் ஸ்ரீரங்கத்தில் இருபது தொகுதிகளாக வெளியிட்ட சங்கரர் நூல்வரிசைக்கு நேர்வது வேறு விதம். எங்கள் கைக்கு வந்த ஓரிரு தொகுதிகளின் தாள் நூறாண்டு கடந்தும் ஒடியாமல் மடங்குகிறது. அறுபதுகளின் மலிவுப் பதிப்புகள் தொட்டாலே உதிர்கின்றன. வயதுக்கும் நிலைக்கும் உறவில்லை, மரக்கூழுக்கு உண்டு. ஆனால் தொகுதி தொகுதியாகப் பிரித்து விற்பதில் இலாபம் அதிகம் என்பதால் அந்த இருபதும் இருபது ஊருக்குப் போகின்றன. ஒவ்வொன்றும் ‘சிறந்த நிலை’. வரிசை செத்துவிட்டது.

நாணயம் சேர்ப்பவர்கள் இந்தப் பாடத்தை எப்போதோ படித்துவிட்டார்கள். புளி போட்டுத் தேய்த்த செப்புக்காசு கண்ணாடிபோல் மின்னும், விவரமறிந்தவர் தொடமாட்டார். கோயில் கல்லில் மணலைப் பீய்ச்சிச் ‘சுத்தம்’ செய்து சிற்பங்களின் மூக்கையும் கல்வெட்டின் எழுத்தையும் மழுங்கடித்ததற்கு எதிராகத் தமிழ்நாட்டில் எத்தனை குரல்கள் எழுந்தன! 2017இல் அரங்கநாதர் கோயிலின் பாதுகாப்புப் பணிக்கு யுனெஸ்கோ விருது கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது. அதே ஊரின் காகிதத்துக்கு மட்டும் கட்டிங் மெஷின்.

இனி ஒரு கசப்பான விஷயம். விற்பனைக்கு வரும் பிரதிகள் பலவற்றில் பொது நூலக முத்திரை இருக்கிறது. கழிவு செய்யப்பட்டதற்கான முத்திரை இருக்கிறதா என்று கேட்டால் எதிர்முனையில் மௌனம். சில பிரதிகளில் முத்திரை இருந்த இடம் வழவழப்பாகச் சுரண்டப்பட்டிருக்கிறது. சுரண்டியது ‘நிலை’யை உயர்த்துவதற்கு என்பார்கள். திருட்டை மறைப்பதற்கு என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். அப்படிப்பட்ட பிரதியை வாங்கிவிட்டுத் தன்னை இலக்கியப் பாதுகாவலர் என்று சொல்லிக்கொள்ளும் சேகரிப்பாளர் எங்கள் நண்பராகவே இருந்தாலும் அவருக்கும் இதில் பங்குண்டு.

பங்கு வாங்குபவர்களுக்குத்தான் அதிகம். பளபளப்புக்கு இரண்டு மடங்கு கொடுக்க நாம் தயாராக இருக்கும்வரை அவர்கள் வெட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். ஓரம் வெட்டியதா, செலோடேப் ஒட்டியதா, எந்தப் பக்கம் இல்லை, முன் வெற்றுத்தாளில் என்ன கையெழுத்து, ‘முதல் பதிப்பு’ என்பது நூலின் முதல் பதிப்பா அல்லது அந்தப் பதிப்பகத்தின் முதல் அச்சா என்றெல்லாம் கேட்டால் ‘வேண்டுமா வேண்டாமா’ என்று எரிந்து விழுகிறார்கள். வேண்டாம் என்று சொல்லப் பழகியிருக்கிறோம். அப்படிச் சொல்லி இழந்த சில பிரதிகளை நினைத்து இரவில் தூக்கம் கெட்டதும் உண்டு.

வெட்டுப்பட்ட அந்தப் ‘பொன்னியின் செல்வன்’ இப்போது எங்கள் அலமாரியில் இருக்கிறது. அட்டையின் உட்பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டை, ஒட்டாமல், செருகி வைத்திருக்கிறோம்: “இதழிலிருந்து எடுத்துக் கட்டியது. பழைய தையல் நீக்கப்பட்டது. மூன்று ஓரமும் இயந்திரத்தால் வெட்டப்பட்டு இதழ்த் தேதிகள் இல்லை. ஓவியங்களின் விளிம்புகள் சிதைந்துள்ளன. முதல் நான்கு தாள்கள் லேமினேஷன், பிரிக்க முயல வேண்டாம். கதை முழுமை.”